துரைக்கண்ணு அண்ணனின் மூன்றாவது பெடல்

துரைக்கண்ணு அண்ணன் அவர்களின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உடனே அதை விசிறியாக்கிக்கொண்ட பெரியோர்களே! விசிறுவதை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். உங்களில் ஒருவர்கூட நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்வதாக இதனால் உறுதி கூறுகிறேன். நம்பாமல் இருப்பது உங்கள் உரிமை. சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அன்று காலை, பாலக்கரையில் என் மோட்டார் உதிரிபாகக் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி சரஸ்வதி குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். இருபத்தைந்து வருட இல்லறத்தில் அவள் கடைக்கு வந்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது, துரைக்கண்ணு அண்ணனின் கார் ஓடிவிட்டது என்று சொல்ல. இந்தத் தடவை, "அத்தான் போயிட்டாங்க" என்றாள். குளித்து, திருநீறு பூசி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தாராம். இரண்டாம் பக்கம் திருப்பவில்லை. படுக்கையும் இல்லை, மருந்தும் இல்லை, ஒரு முனகலும் இல்லை. நமக்கு இப்படி ஒரு சாவு கொடுத்து வைத்திருக்குமா என்று எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அவர் அக்காளை, நான் தங்கையை. சகலை என்று ஒரு உறவைக் கடவுள் படைத்ததே மனிதனுக்குப் பொறாமை இன்னதென்று தெரியட்டும் என்பதற்காகத்தான். மாமியார் வீட்டில் முதல் வடை அவர் இலையில்தான் விழும். நாற்பது வயதிலும் அவர் தலையில் முடி இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இத்தனையையும் நான் மன்னித்தேன். அந்தக் காரைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அவர் ஆற்றுப்பாசன அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். மதகு, வாய்க்கால், கலிங்கு இவைதான் அவர் உலகம். ஸ்பேனர் பிடித்தறியாத கை. திருச்சி ஜில்லாவில் மோட்டார் என்றால் நான்தான் என்பது அனைவரும் அறிந்தது. அதை அனைவருக்கும் அறிவித்ததும் நான்தான்.

பொன்மலையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கிளம்பும்போது, தம் பங்களாத் தோட்டத்துக்கு வாய்க்கால் படம் போட்டுக் கொடுத்த நன்றிக்கு, அண்ணனிடம் விட்டுச் சென்ற அமெரிக்கக் கார் அது. மேல்கூரை மடங்கும். முன் விளக்கு அம்மா மண்டபத்தில் நின்றால் பின் விளக்கு காவிரிப் பாலத்தில் நிற்கும். கிளட்ச் கிடையாது, காலுக்குக் கீழே இரண்டே பெடல்தான். கியரைக் காரே மாற்றிக்கொள்ளும் என்பது ஐதீகம். அந்தக் கியர் பெட்டிக்கென்று உள்ள எண்ணெய் நம் ஊரில் கிடைக்காமல், யாரோ கைக்குக் கிடைத்ததை ஊற்ற, உள்ளே எல்லாம் கருகிவிட்டது. இன்ஜின் உறுமினால் மலைக்கோட்டையில் மணி ஆடும். சக்கரம் மட்டும் அசையாது. பன்னிரண்டு ஜோடி காளை பூட்டி, பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இழுத்து வந்தோம். அண்ணன் வீட்டுப் பின்கட்டில் மாட்டுக் கொட்டகையில் அதைக் கட்டினோம். மாடு வெளியே நின்றது.

அங்கேயே நின்று மக்கிப் போயிருக்கும். அண்ணனின் ஒரே மகள் வசந்தாவுக்கு மருங்காபுரியில் சம்பந்தம் பேசியதில்தான் வினை வந்தது. சம்பந்தி புஞ்சைக்காட்டு மனிதர், நல்லவர், சொன்ன சொல்லில் ஒரு எழுத்து மாறினால் பந்தலைப் பிரித்துவிடுவார். பெரிய மகனுக்குப் பார்த்த முதல் சம்பந்தத்தை, பெண் வீட்டார் கடைசி நேரத்தில் மேளக்காரரை மாற்றினார்கள் என்பதற்காகவே முறித்தவர். அவர் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது, கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவர் காரைப் பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ளை அழைப்பு இந்தக் காருலதாங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

இல்லை என்ற சொல் அண்ணன் வாயில் வராது. "ஆகட்டுங்க" என்றார். தை மாதம் முகூர்த்தம், நடுவில் ஐந்து மாதம். மருங்காபுரி முழுக்கச் சேதி பரவிவிட்டது. கார் ஓடாவிட்டால் வசந்தா கல்யாணம் இல்லை.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் காருக்கு அடியில் போய்ப் படுத்து, நன்றாகத் தூங்கி எழுந்து, வெளியே வந்து தீர்ப்புச் சொன்னேன். "அண்ணே, இந்தப் பெட்டியப் பிரிக்கத் தெரிஞ்சவங்க அமெரிக்காவுலயே ரெண்டு பேருதான். ஒருத்தன் செத்துட்டான். இன்னொருத்தனுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு. பிரம்மா வந்தாலும் முடியாது."

"அப்ப அந்தப் பெட்டியே வேண்டாம் சகலை" என்றார் அண்ணன். "கிளட்ச் வச்ச பெட்டி ஒண்ண மாட்டிடுவோம். அளந்து பாத்தா தெரிஞ்சுடும்."

அன்று நான் சிரித்த சிரிப்பில் கொள்ளிடத்தில் தண்ணீர் சுழித்தது.

அலுவலகம் விட்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அளப்பார். இன்ஜினின் முதுகில் உள்ள ஒவ்வொரு துளையையும் அளந்து படம் போட்டார். அந்தப் படத்தை உத்தர வீதியில் விரித்தால் கோயில் யானை சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கிணற்று ராட்டினத்தைக் கொட்டகை உத்தரத்தில் கட்டி, தெருக்காரர்கள் ஆறு பேரும் வசந்தாவும் கயிறு பிடிக்க, பழைய பெட்டியை இறக்கினார். பிறகு காயலான் கடைக்குப் போனார். யுத்த காலத்து லாரிகளின் கியர் பெட்டிகள் அங்கே மூன்று கிடந்தன. மூன்றையும் திறந்து, பற்களை எண்ணி எண்ணி, அதில் மிகக் கனத்ததை எடுத்து வந்தார். காருக்கு லாரிப் பெட்டி! பூனைக்கு எருமைக் கொம்பு என்று பாலக்கரை முழுக்க நான் சொல்லிச் சிரித்தேன்.

இன்ஜினின் துளைகளும் லாரிப் பெட்டியின் துளைகளும் ஒத்துப்போகவில்லை. நடுவே ஒரு கனத்த இரும்புத் தகடு வைத்து இரண்டையும் இணைத்தார். முதல் தகடு மயிரிழை விலகியதில் பெட்டி போட்ட ஊளைக்கு ஜீயபுரம் நாய்கள் பதில் சொல்லின. கழற்றினார். மறுபடி அளந்தார். மறுபடி மாட்டினார். பதினொரு தடவை. ஒரு தடவையாவது சலித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூன்றாவது பெடலுக்கு அண்ணியின் தையல் மெஷின் மிதிப்பலகையை வெட்டிக்கொண்டார். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டில் நான் ஒரு ஊசியை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

கிளட்ச் பிளேட்டுக்காக என் கடைக்கு வந்தார். அந்த அளவில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது எனக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் இருந்தது. அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி சகலை. மதுரை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று, நான் வரவழைத்த காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

மார்கழிக் கடைசியில்தான் சரஸ்வதி முதல் தடவையாகக் கடைக்கு வந்தாள். "அத்தான் காரு உத்தர வீதிய ஒரு சுத்து சுத்தி வந்துடுச்சுங்க. பிரம்மாவால முடியாததுன்னு சொன்னீங்களே. அவங்க படிச்சது படம் போடத்தான்." கொஞ்ச நேரம் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "உங்களுக்கு விக்க மட்டுந்தான் தெரியும் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டாள்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் ஒரு ஞானம் பிறந்தது. மாப்பிள்ளை அழைப்பு என்பது என்ன? முன்னால் நாதஸ்வரம் நின்று நின்று வாசிக்கும், பின்னால் கார் ஊர வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் தானே ஊர்ந்திருக்கும். கிளட்ச் வண்டியை அந்த நடைக்கு ஓட்டினால் பெடலைப் பாதி அமுக்கியபடியே ஓட்ட வேண்டும். இரண்டு தெரு தாண்டுவதற்குள் பிளேட் கருகிப் புகையும். மனிதர் ஊர்கிற வண்டியைப் பிடித்து ஊர முடியாத வண்டியாக மாற்றியிருக்கிறார்! இதை நான் கடைக்கு வந்தவர், போனவர், வழி கேட்டவர் எல்லோரிடமும் சொன்னேன்.

அது சம்பந்தி காதுக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தை பிறந்தது. அம்மா மண்டபம் சாலைப் பிள்ளையார் கோயிலில், விளக்கு வைக்கும் நேரம். காருக்கு மல்லிகைப் பந்தல், முன்னால் மேளம், மருங்காபுரி ஜனம் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கிக் காருக்குள் வைத்தார். சம்பந்தி அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"பாலக்கரைப் பக்கம் ஒரு பேச்சு அடிபடுதுங்க. யாரோ ஆபீஸ் குமாஸ்தா கொட்டாயில வச்சுப் பிரிச்சு மாட்டுன வண்டியாமே? பாதி வழியில பொகஞ்சு நின்னா எம் மவன் எறங்கி நடக்கணுமா? இத யாருங்க செஞ்சது?"

மேளம் நின்றுவிட்டது. நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில், ஒரு உயரமான மனிதருக்குப் பின்னால் இருந்தேன். அண்ணன் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று அவருக்குத் தெரியும். அது அவர் கண்ணில் இருந்தது.

"குமாஸ்தாவா? யாருங்க சொன்னது?" என்றார். "இது நம்ம சகலை கைவேலைங்க. பாலக்கரையில மோட்டார் கடை வச்சிருக்காரு. அவரே ஓட்டப்போறாரு. வாங்க சகலை."

சம்பந்தி என்னைப் பார்த்தார். "அப்படிங்களா?"

ஐந்து மாத உழைப்பை ஒரு மனிதர் தட்டில் வைத்து நீட்டினார். நான் வெற்றிலை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டேன். "ஆமாங்க" என்றேன்.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அண்ணன் குனிந்து, என் காதருகில் சொன்னார்: "ஒண்ணாம் கியரப் போட்டு, கால முழுசா எடுத்துடுங்க. மேளம் நின்னா அமுக்குங்க, கிளம்புனா எடுங்க. பாதியில மட்டும் வைக்காதீங்க."

எடுத்தேன். கார் கிளம்பியது. கிளம்பியது என்பதுகூட அதிகம். நத்தை ஒன்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போயிற்று. மலையேறச் சுமை இழுக்கிற லாரியின் முதல் பல் அது. நாதஸ்வரக்காரர் என்ன நடை நடந்தாரோ அதே நடை. புகை இல்லை, உதறல் இல்லை. கதவோரம் நடந்து வந்த அண்ணனிடம், இது எப்படி அமைந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "ஆவணியில மூணு கல்யாண ஊர்வலம் பின்னாலயே போயி அளந்தேன் சகலை. மேளம் ஒரு நிமிஷத்துல எவ்வளவு தூரம் போவுதுன்னு. அதுக்கு ஒத்து வர்ற பல்லத்தான் எடுத்தேன்." அந்த ஆவணியில் அவர் மேளத்தின் பின்னால் அலைந்தபோது, வயசான காலத்தில் சங்கீதப் பித்து என்று சொன்னவனும் நான்தான்.

ஒரு விஷயத்தை எழுதித்தான் ஆக வேண்டும். வழி நெடுக என் இடது கால் அந்தத் தையல் மெஷின் மிதிப்பலகைமேல் இருந்தது. ஒரே ஒரு தெருத் தூரம் பாதியில் வைத்திருந்தால் போதும், கருகியிருக்கும். என் சொல் ஜெயித்திருக்கும். அண்ணன் கதவோரம் நடந்து வந்தார். என் காலை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அமுக்கியிருப்பேனோ என்னவோ.

மண்டப வாசலில் சம்பந்தி எனக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார். அண்ணன் கை தட்டினார். மறுநாளிலிருந்து லாரிக்காரர்கள் என் கடையைத் தேடி வந்தார்கள். 'அமெரிக்கக் காருக்குக் கியர் மாற்றியவர்' என்று கடைக்கு மேலே போர்டு வைத்தேன். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து அலுவலகத்துக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். பத்து வருடம் அவர் அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டு போனார். ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார்: "கடைசி எழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்கு சகலை. பெயின்டர்கிட்ட சொல்லுங்க."

பெயர் என்னிடம் வந்து சேர்ந்தது. பொறாமையும் போகவில்லை. பெயரைத்தானே அவர் கொடுத்தார்? அப்படித் தூக்கிக் கொடுக்க முடிகிற கையை அவரே வைத்துக்கொண்டார்.

கொள்ளிடக்கரைக்குக் கிளம்பும் முன் வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தோம். நரைத்துப்போன சம்பந்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "இவருதாங்க அந்தக் காரச் செஞ்சவரு. அன்னிக்கு இவரு இல்லேன்னா எங்க வீட்டுக் கல்யாணமே நின்னு போயிருக்கும்." வசந்தா அழுகையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து ராட்டினக் கயிறு பிடித்த பெண் அவள். இத்தனை வருடம் அப்பா சொன்னதற்காக வாயைத் திறக்காதவள். அப்போதும் நான் தலையாட்டினேன். அண்ணன் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

பெரியோர்களே, இனி விசிறிக்கொள்ளலாம். பன்னிரண்டு ஜோடி காளை பொய். ஒரே ஜோடிதான், அதிலும் ஒன்று நொண்டி. மலைக்கோட்டை மணி ஆடவில்லை, யானை எங்கும் சுற்றிக்கொண்டு போகவில்லை, நத்தையை நான் பார்க்கவேயில்லை. எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். சம்பந்தி அவர்களும் வந்திருக்கிறார்கள், அவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கிறது.

போயிட்டு வாங்க அண்ணே. அந்தக் காரைச் செய்தது நான் இல்லை.