கலர் தெரியாத கேமராவும் பக்கத்து வீட்டு அக்காவும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசியில் அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்த நேரம். காரைக்கால் பக்கம் சுரக்குடியில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. பிரான்சில் வேலை பார்க்கும் என் அண்ணன் லீவுக்கு வந்தபோது, தான் பயன்படுத்திய கேமரா ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமரா அது. கலரில் எடுத்துவிட்டு அப்புறம் கலரை நீக்குகிற வேலையெல்லாம் இல்லை. அதற்குக் கலர் என்றால் என்னவென்றே தெரியாது.

என் கணவருக்கு ஒரே சிரிப்பு. "கலர் போன கேமராவ நம்ம தலையில கட்டிட்டாரே உங்கண்ணன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தெருவிலும் யாரும் அதன் முன்னால் நிற்கத் தயாராக இல்லை. எதிர் வீட்டுக்காரரை ஆசையாக ஒரு படம் எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் இன்னும் போவலியே, அதுக்குள்ள படமாக்கி மாட்டிட்டியே" என்றார். எங்கள் பக்கம் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் சுவரில் மாலையோடு தொங்குவது என்று அர்த்தம். அவர் மேல் தப்பில்லை.

அதனால் ஆட்சேபம் சொல்லத் தெரியாத விஷயங்களாகத் தேடிப் போனேன். கீழவாஞ்சூர்ப் பக்கம் நிலக்கரி ஏற்றிப் போகும் லாரிகள், பனைமரங்கள், அப்புறம் மேகம். மேகத்துக்காகவே அண்ணன் ஒரு சிவப்புக் கண்ணாடியும் கொடுத்திருந்தார். லென்ஸின் முன்னால் திருகி மாட்ட வேண்டும். மாட்டினால் நீல வானம் கறுத்து, மேகம் பளிச்சென்று எழும்பி நிற்கும். ஒரு நாள் அதைக் கழற்ற மறந்து, கண்ணாடி முன் நின்று என்னையே எடுத்துக்கொண்டேன். பார்த்தால், எத்தனை களிம்பு தடவியும் அசையாத என் கன்னத்துக் கருந்திட்டைக் காணோம். சிவப்பு வழியாகப் பார்க்கும்போது மாநிறத் தோலும் வெளுப்பாகத் தெரிகிறது, அதனால் தோலில் இருக்கும் திட்டுகள் கலந்துவிடுகின்றன என்று பிறகு புரிந்துகொண்டேன்.

உடனே எனக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் நினைவு வந்தது.

அந்த அக்காவுக்குக் கையிலும் கழுத்திலும் வாயோரத்திலும் வெண்புள்ளி. மகள் பிறந்த கொஞ்ச நாளில் ஒரு விரல் நுனியில் ஆரம்பித்ததாம். அது ஒட்டும் நோய் இல்லை என்று இத்தனை பேர் சொல்லியும், அவர் கையால் கொடுக்கும் காப்பியைத் தயங்கி வாங்குகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் முழுக்கை ரவிக்கைதான். முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொள்வார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் அவரைப் படத்தில் பார்க்க முடியாது. கேமரா வந்தால் சமையல் கட்டில் வேலை வந்துவிடும்.

அவருடைய ஒரே மகள் என்னிடம் படித்தவள். அம்பகரத்தூரில் மாப்பிள்ளை, வைகாசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோதே அக்காவைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அக்கா தானாகவே ஒரு முடிவு எடுத்துவிட்டார். தாரை வார்த்துக் கொடுக்கத் தான் மணையில் உட்காரப் போவதில்லை, தன் தங்கையும் தங்கை கணவரும் செய்யட்டும் என்றார். தாரை வார்ப்பது என்றால் மகளின் கையை அப்பா மாப்பிள்ளை கையில் வைக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த நேரத்தில் மண்டபமே கைகளைத்தான் பார்க்கும். வீடியோக்காரரும் கிட்டே போய்க் கைகளைத்தான் எடுப்பார். அக்காவின் பயம் அதுதான்.

அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா உயிரோட இருக்கையில நான் என்னத்துக்கு டீச்சர் சித்தி கையால போவணும்?" அம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அவளுடைய அப்பா, "அவ இஷ்டம்" என்பதோடு சரி.

என் மூளை அப்போதுதான் அநியாயத்துக்கு வேலை செய்தது. அக்காவுக்கு அவரையே அழகாகக் காட்டிவிட்டால் தைரியம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கேமராவைச் சோதித்துப் பார்க்க வேண்டும், கொஞ்சம் உட்காருங்கள் என்று பொய் சொல்லி, கொல்லைப்புற வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்தேன். சிவப்புக் கண்ணாடியை மாட்டினேன். கையை மடியில் வைக்கச் சொன்னேன். மனசில்லாமல் வைத்தார்.

கேமராவின் பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தால் ஒழிய திட்டு எதுவும் தெரியவில்லை. அக்கா திரையில் தெரிந்த தன் கையை விரலால் தொட்டுப் பார்த்தார். "என் கல்யாணத்தப்ப இப்படித்தான் இருந்தேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணத்தில் இதே மாதிரி நானே எடுக்கிறேன், பயமில்லாமல் மணையில் உட்காருங்கள் என்றேன்.

அவர் சிரித்தார். "படத்துக்குச் சரி. வர்ற சனத்துக்கெல்லாம் கண்ணுல இந்தச் செவப்புக் கண்ணாடிய யாரு மாட்டி வுடுறது?"

ஆனாலும் அந்தப் படம் அவருக்குப் பிடித்திருந்தது, பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். காரைக்காலில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். அங்கிருந்தவர் படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, "பிறப்பு, இறப்பு தேதி கீழ போடணுமாங்க?" என்று கேட்டார். வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம் என்றேன். பாவம், அதற்கப்புறம் அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கவரோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே இருந்தார். மகள்தான் வாங்கிப் பிரித்தாள். அவள் முகம் மலரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சித்திய எப்ப டீச்சர் எடுத்தீங்க?" என்றாள்.

உங்கம்மாதான் என்றேன். அவள் மறுபடி பார்த்தாள். "இது எங்கம்மா இல்ல டீச்சர். எங்கம்மா கை இப்படி இருக்காது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திட்டுகள் இல்லாத அம்மாவை அந்தப் பெண் நினைவு தெரிந்ததிலிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. நானும் அக்காவும் பழைய அழகு திரும்பிவிட்டதாகச் சந்தோஷப்பட்ட முகம், அவளுக்கு யாரோ ஒருவருடைய முகம்.

அவள் படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். சின்ன வயதில் சனிக்கிழமைகளில் திருநள்ளாறு கோயிலுக்குப் போவார்களாம். கூட்டத்தில் ஒரு தடவை கைமாறி வேறு யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாளாம். "அன்னிலேருந்து கையப் பாத்துட்டுத்தான் புடிப்பேன். வெள்ளையா இருந்தாத்தான் எங்கம்மா. அந்தக் கையக் காங்கலன்னா அழுதுடுவேன்."

நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அக்கா வாசற்படியில் வந்து நின்றிருந்தார். கையில் தண்ணீர்ச் சொம்பு. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகளின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை. பிள்ளைகள் கேலி செய்வார்கள், மகள் வெட்கப்படுவாள் என்று ஒதுங்கியே இருந்திருக்கிறார். அந்த மகள் கூட்டத்தில் தேடியது இந்தக் கையைத்தான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இதை ஏண்டி இவ்வளவு நாளா சொல்லல?" என்றார். "நீ கேட்டியா?" என்றாள் அவள். பல நாள் கழித்து அம்மாவும் பெண்ணும் பேசிய முதல் பேச்சு அது. நான் மெதுவாக எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

அதற்கப்புறமும் அக்கா மணையைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கல்யாணத்தன்று மண்டபத்தில் தங்கையும் பட்டுப்புடவையில் தயாராகத்தான் இருந்தார். தாரை வார்க்கக் கூப்பிட்டார்கள். மணமகள் அறையிலிருந்து அக்கா வந்தார். அரைக்கை ரவிக்கை. நான் அவர் முழங்கையைப் பார்த்ததே அன்றுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கைதான் செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

எனக்குப் பின்னால் யாரோ இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினார்கள். பேசிவிட்டு, பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருடமாக அக்கா பயந்து கிடந்தது இந்த இரண்டு வார்த்தைக்குத்தானா என்று எனக்கு ஆத்திரமே வந்தது.

அக்கா தண்ணீர் ஊற்றும்போது மகள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கண்ணாடி இல்லாமல் அதை எடுத்தேன். கறுப்பு வெள்ளையில் அந்த வெண்மையும் விழுகிற தண்ணீரும் ஒரே மாதிரி பிரகாசமாக விழுந்திருந்தன. அந்தப் படம் இப்போது அம்பகரத்தூரில் அவள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. போன மாதம் அக்காவோடு போயிருந்தேன். அவளுடைய குழந்தை தவழ்ந்து வந்து பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது.

சிவப்புக் கண்ணாடி போட்டு எடுத்த படத்தை அக்கா தன் தங்கைக்கே கொடுத்துவிட்டார். "ஒன்ன மாதிரிதான இருக்கு, நீயே வச்சுக்க" என்றாராம். நான் இப்போதும் ஐப்பசி மேகங்களை எடுக்க அந்தக் கண்ணாடியைத்தான் மாட்டுகிறேன், ஆனால் எதிரே ஒரு மனிதர் வந்து நின்றால் முதலில் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன், அவரை அப்படியே தேடுகிற யாரோ ஒருவர் வீட்டில் இருப்பார் அல்லவா.