சம்பந்திக்கு வைத்த ஒல்லெஜிக் கீரை

கீசுன் கடற்கரைக்காரி. கணவாய் மீன் காயப்போடும் வீட்டில் பிறந்து, கொரியாவில் எங்கள் காங்வொன் மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் பத்தடி ஏறினால் மூச்சு வாங்குவாள். இன்று காட்டுக்குள் அவள் போகிற வேகத்துக்கு அடுத்த வீட்டுக்காரியான என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. வாயும் அப்படித்தான், ஓயாது. அவள் புருஷன் தொக்பே தேனீ வளர்க்கிறார். தேனீக்களிடம் பேசுவதில் பாதிகூட அவளிடம் பேசமாட்டார்.

ஓக் மரங்கள் துளிர்க்கும் முன்பே எங்கள் சரிவு முழுக்க ஒல்லெஜி பூத்துவிடும். தலைகவிழ்ந்த ஊதாப்பூ, அடியில் பழுப்புத் திட்டுப் போட்ட இலை. விதை விழுந்து பூ வர ஏழெட்டு வருடம் ஆகும். ஒற்றை இலை என்றால் அது இன்னும் குழந்தை, தொடக்கூடாது. இரண்டு இலை விட்டதில் ஒன்றைக் கிள்ளிக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் கிள்ளுகிறவளைப் பார்த்துவிட்டால் கீசுன் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள். நேற்று வந்த கடற்கரைக்காரிக்கு என்ன உரிமை என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் கிள்ள மாட்டார்கள்.

அவளுக்கு ஒரே மகள், கும்ஜு. இஞ்சோன் நகரத்தில் பல் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கேயே யோங்சொக் என்ற பையனைப் பிடித்துப்போய்விட்டது. பையன் நல்லவன், அவன் அப்பாவும் சரி என்றுவிட்டார். அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. மலைக்காட்டுப் பெண் நம் வீட்டுக்குச் சரிப்படுவாளா என்று அவர் கேட்டது கீசுன் காதுக்கும் வந்துவிட்டது. இரு வீட்டாரும் பட்டணத்து ஓட்டலில் சந்தித்துப் பேசுவதுதான் வழக்கம். பையனின் அப்பா எங்கள் சரிவை டிவியில் பார்த்துவிட்டு, பூவைப் பார்த்தபடியே பேசிவிடலாம் என்று போன வசந்தத்தில் கிளம்பிவிட்டார்.

முந்தின நாள் கும்ஜு போன் செய்தபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

"அம்மா, டவுன்ல கறி வாங்கி வச்சிரு. கீரை கீரைன்னு ஆரம்பிக்காத."

"கறி இஞ்சோன்ல கெடைக்காதா? என் வீட்டுக்கு வர்றவங்களுக்கு என் மலையில வெளையறதத்தான் போடுவேன்."

"அவங்கம்மா ஒரு மாதிரிம்மா."

"எந்த மாதிரியா இருந்தா என்ன, வாய்னு ஒண்ணு இருக்குல்ல."

விடிந்ததும் இளம் இலையாகக் கிள்ளி வந்து, கொதிக்க வைத்து, ஓடைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தாள். சோயா விழுதும் எள்ளெண்ணெயும் விட்டுப் பிசைந்தாள். அந்த லேசான காறல் இருந்தால்தான் எங்களுக்குப் பிடிக்கும். வெளியாருக்கு என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்கு அது தோன்றவே இல்லை. பக்கத்தில் நின்று தட்டுக் கழுவிய எனக்கும் தோன்றவில்லை.

கும்ஜுவும் பையன் வீட்டாரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். பையனின் அம்மா வெளிர்சாம்பல் நிறத்தில் கோட்டும் பாவாடையுமாக வந்தார். கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில். கீசுனே வாயடைத்து உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். கீரையை ஒரு வாய் எடுத்ததும் அந்த அம்மாள் முகம் இளகியது.

"இது நல்லாயிருக்கே. என்ன கீரை?"

அவ்வளவுதான், கீசுனுக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றவர் கிண்ணத்தில் மறுபடி குவித்தாள். பையனின் அப்பா கேட்டே மூன்று தரம் வாங்கினார்.

சாப்பிட்டுவிட்டுப் பூ பார்க்கச் சரிவில் ஏறினோம். பாதி வழியில் பையனின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினார். பின்னாலேயே பையன். கீசுன் வீட்டில் இருப்பது ஒரே கக்கூஸ். அந்த அம்மாள் மட்டும் பூக்களுக்கு நடுவே விறைப்பாக நின்றார். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பிறகு என் காதருகே வந்தார்.

"உங்க வீடு கிட்டவா?"

"வாங்க. வெங்காயப் பாத்தியில மிதிச்சாலும் பரவாயில்ல, நேரா வாங்க."

வெங்காயம் மிதிபட்டது. கோட்டும் பாவாடையும் தப்பவில்லை. என்னுடைய பூப்போட்ட தொளதொள கால்சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

கீசுன் வீட்டுக்குத் திரும்பினால் அங்கே கும்ஜு அழுதுகொண்டிருந்தாள். அந்த அம்மாள் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உங்கள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே. நீங்க யாரும் அதைத் தொடலையா?"

கீசுன் மிச்சமிருந்த கீரையை எடுத்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றாள். விருந்தில் நாங்களும் தின்றதுதான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஊறவைக்கணும். ராத்திரியெல்லாம் ஊறவைக்கணும். நான் வைக்கல," என்றாள். "இத்தன வருஷமா தின்னு தின்னு என் வயிறு மலைக்காரி வயிறாயிடுச்சு. உங்க வயிறும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன். என் பொண்ணு இத வேணாம்னுதான் சொன்னா. அவ மேல தப்பில்ல, அவள வேணாம்னு சொல்லிடாதீங்க."

அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. மறுபடி என் வீட்டுக்கு ஓடினார்.

அந்த நிலையில் கார் ஏற முடியுமா? அடியில் கணப்பு ஓடும் சூடான தரையில் மூவரையும் படுக்க வைத்து, கீசுன் அரிசிக் கஞ்சி ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். தொக்பே வெந்நீரில் தேன் கலந்து ஆளுக்கொரு கிண்ணம் நீட்டினார். கும்ஜு அந்த அம்மாளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துச் சின்னப்பிள்ளைக்குத் தடவுவதுபோல் தடவிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஆனால் கையை விலக்கவில்லை.

காலையில் காரில் ஏறும்போதும் அவர் என் கால்சட்டையில்தான் இருந்தார். கீசுன் வாசலில் தலைகுனிந்து நின்றாள். ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கார் நகர்ந்து, நின்றது. கண்ணாடி இறங்கியது.

"சம்பந்தியம்மா, கல்யாண விருந்துல மட்டும் இந்தக் கீரைய வச்சிராதீங்க."

கார் திருப்பத்தில் மறையும் வரை கீசுன் அசையவில்லை. பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இவளே, கல்யாணம்னா சொன்னாங்க?"