ஐஸ் கம்பெனியில் சோதித்த ஜாக்கெட்

என் கணவர் இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அதனால் குளிரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவருடைய எண்ணம். மொட்டைமாடி வெயிலில் நின்று அடுத்தவன் அறைக்குக் குளிர் அனுப்பிய மனிதர், தான் குளிரில் நடுங்கிய ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் விழிப்பார். நாகர்கோவில்காரர்கள் பலரும் அப்படித்தான். மார்கழிக் காலையில் கொஞ்சம் பனி இறங்கினால் போதும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்து குளிரைப் பற்றிப் பேசுவோம். அப்போதும் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

ஊரோடு வந்து சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒரு பெரிய பைக் வாங்கியது. இரண்டாவது, பொங்கல் லீவில் அந்தப் பைக்கிலேயே ஊட்டிக்குப் போவதென்று முடிவு செய்தது. அங்கே உறைபனி விழும் காலம் அது. நானும் பின்னால் உட்கார்ந்து வருவேன் என்றேன். அவர் என் விரல்களைப் பார்த்தார்.

என் விரல்களுக்குக் குளிர் ஆகாது. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்தாலே நுனியெல்லாம் வெள்ளையாகி மரத்துப் போகும். திரும்ப ரத்தம் ஓடும்போது ஊசியால் குத்துகிற வலி. ரத்தக்குழாய் சுருங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை, கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உனக்க விரல் தாங்கும்ணா சேர்ந்து போவோம். தாங்காதுண்ணா நீ மக கூட கார்ல வா, நான் பைக்ல வாறேன்," என்றார்.

"மக கூட நான் எப்பவும் போலாம்லா, அத்தான்."

அவர் லீவில் வந்துபோன அத்தனை வருஷத்திலும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கும் போனதில்லை. கல்யாண வீடு, கோயில் கொடை, பேச்சிப்பாறை அணை, எங்கே போனாலும் வேனில் பதினான்கு பேர். இந்த ஒரு பயணத்தை விரல் பத்துக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. ஆகவே, பைக்கில் போகிறவர்கள் போடுகிற, கரண்டில் சூடாகிற ஜாக்கெட் ஒன்று உண்டாமே, அதைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கனடாக்காரர்கள் பனியில் பைக் ஓட்டும் வீடியோக்கள்தான். இவர் கைலியும் பனியனுமாக, ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு, நோட்டில் குறிப்பெடுத்தார். ஜாக்கெட்டில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் சின்ன பேட்டரி சட்டைப்பையிலேயே இருக்கும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மற்றதை வண்டி பேட்டரியோடு வயரில் மாட்ட வேண்டும், வண்டி ஓடுகிறவரை சூடு வரும்.

"ஏட்டி, பாதி மலையில சார்ஜ் தீந்துபோனா என்ன செய்வ? நமக்கு வயர் உள்ளதுதான் செரி," என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஹெட்லைட்டுக்குப் போக அந்த வண்டி மிச்சம் தருகிற கரண்டு ஒரு ஜாக்கெட்டுக்கும் ஒரு ஜோடி கையுறைக்கும் காணும். இரண்டு ஜாக்கெட்டுக்குக் காணாது. அவரிடம் சொன்னேன்.

"நான் எத்தனை டன் ஏசி மாட்டினவன் தெரியுமா?" என்றார். இரண்டு ஜாக்கெட்டும் எனக்குக் கையுறையும் ஆர்டர் ஆயின.

பெட்டி வந்தது. உடம்போடு ஒட்டி இருந்தால்தான் சூடு ஏறும் என்று அந்த நோட்டிலேயே அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். எழுதியவர் எனக்கு வரவழைத்தது மீடியம். என் ஒரு கை மட்டும் உள்ளே போயிற்று. வளைகுடாவிலிருந்து ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்த நைட்டிகளும் இப்படித்தான், கல்யாண ஆல்பத்தில் இருக்கிற பெண்ணுக்குச் சரியாக இருக்கும். நான் தங்கைமாருக்குக் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை கொடுக்கவில்லை. எக்ஸ்எல்லுக்கு மாற்றி வாங்கச் சொன்னேன். "அவ்வளவா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

சரி, ஜாக்கெட் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் மாவட்டத்தில் குளிர் எங்கே இருக்கிறது? அவருக்கு உடனே விடை கிடைத்தது. தேங்காய்ப்பட்டணத்தில் மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி. அதை நடத்துகிறவர் இவரோடு வளைகுடாவில் ஒரே அறையில் கிடந்தவர்.

புரட்டாசி மாதம், மதியம் மூன்று மணி. ஒரு பழைய வண்டி பேட்டரியை மீன் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, ஐஸ் கட்டி அடுக்கி வைக்கிற அறைக்குள் நானும் அவரும் போய் நின்றோம். வெளியே லோடு ஏற்றுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நண்பர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து, "மக்கா, உயிரோட இருக்கியளா?" என்று கேட்டார். கால் மணி நேரம் கழித்துக் கையுறையைக் கழற்றினேன். விரல்கள் சிவப்பாகவே இருந்தன. அவர் என் கையைப் பிடித்து நண்பரிடம் காட்டி, "கொள்ளாம்லா? நல்லா இருக்குல்லா?" என்றார். மார்க் எடுத்தது என்னவோ அவருடைய விரல் என்கிற மாதிரிப் பெருமை.

அடுத்த வாரம் காற்றுக்காக ஆரல்வாய்மொழிக்குப் போனோம். அங்கே காற்றாலைகளுக்கு நடுவே வண்டியை விரட்டினார். காற்று ஆளைத் தள்ளியது. ஜாக்கெட்டுக்குள் எங்களுக்கு வேர்த்து வழிந்தது. குளிர் தேங்காய்ப்பட்டணத்தில் பாஸ், காற்று ஆரல்வாய்மொழியில் பாஸ் என்று நோட்டில் எழுதி முடித்தார். இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான்தான். ஈரத்துணி காற்றில் ஏன் குளிர்கிறது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டால் பயணம் நின்றுபோகும் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் தங்கி, விடியற்காலையில் மலை ஏறினோம். குன்னூர் வரைக்கும் ராஜ உபசாரம்தான். அதற்கு மேல் காற்று அடிக்கத் தொடங்கியது. கழுத்துச் சந்திலும் மணிக்கட்டிலும் புகுந்து, ஜாக்கெட் கொடுக்கிற சூட்டை அப்படியே வழித்து எடுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் பட்டனை அழுத்தி முழுச்சூட்டில் வைத்தோம். வளைவுகளில் வண்டி ஊர்ந்தது. ஹெட்லைட் மஞ்சளாகிக்கொண்டே வந்ததை நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் வண்டி ஒரு தடவை முனகிவிட்டு அடங்கிவிட்டது. அங்கே நின்ற ஒரு லாரி டிரைவர் வயர்களை எல்லாம் பார்த்தார்.

"பேட்டரி இறங்கிடுச்சுங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணித் தர்றேன். மேல போறவரைக்கும் ஒரு ஜாக்கெட் மட்டும் வச்சுக்கங்க, மத்தது பூராவும் கழட்டிருங்க," என்றார்.

நான் கணக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறக்காததை என் கணவர் கவனித்தார் என்றும் நினைக்கிறேன்.

டிரைவரும் இன்னும் இரண்டு பேருமாக இறக்கத்தில் தள்ளி வண்டியை உயிர்ப்பித்தார்கள். இவர் உடனே தன் வயரைப் பிடுங்கிவிட்டு என்னுடையதை மாட்டக் கை நீட்டினார். அவர் உதடு நீலம் பூத்திருந்தது, கை ஹேண்டில்பாரில் நடுங்கியது. ஓட்டுகிறவர் கை நடுங்கினால் இரண்டு பேரும் பள்ளத்தில் கிடப்போம். நான் என் வயரைக் கொடுக்கவில்லை, அவருடையதையே திரும்ப மாட்டச் சொன்னேன். என் கையுறை அணைந்து சில நிமிஷம் ஆகியிருந்தது. கழற்றிப் பார்த்தேன். நான்கு விரல் வெள்ளை. அவரும் பார்த்துவிட்டார்.

அப்போது ஊட்டி பஸ் வந்து நின்றது.

"நீ இதுல ஏறு. மேல ஸ்டாண்டுல நான் வந்து கூப்பிடுகேன். சொன்னா கேளு," என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இவரை உள்ளே அனுப்பிவிட்டு எத்தனை தடவை நான் தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறேன் என்று ஒருவரும் எண்ணவில்லை. நான் எண்ணியிருக்கிறேன்.

"நான் தனியா பஸ் ஏறினது போதும், அத்தான்," என்றேன்.

கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் போய்விட்டது. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் வண்டியில் எங்களுக்கு நடுவே என் கைப்பை உட்காரும், நான் பின்கம்பியைப் பிடித்துக்கொள்வேன். டீச்சர் பைக்கில் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள் என்று பிள்ளைகள் நாளைக்குப் பேசக் கூடாதே. அன்றைக்குக் கைப்பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அவருடைய ஜாக்கெட்டுக்கு அடியில் இரண்டு கைகளையும் நுழைத்து, சூடு வருகிற இடத்தில், நெஞ்சோடு சேர்த்து வைத்தேன். என் விரல்களின் குளிரில் அவர் ஒரு குலுங்கு குலுங்கினார். லாரி டிரைவர் பெரிய மனுஷன், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

காற்றை அவர் முதுகு மறைத்தது. மெல்ல அவர் நடுக்கம் நின்றது. மூன்றாவது வளைவுக்குள் என் விரல்களில் ரத்தம் ஓடி, குத்தலும் அடங்கிவிட்டது.

"விரல் செரியாச்சா?" என்று முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"இன்னும் இல்ல," என்றேன்.

அடுத்த வளைவிலும் கேட்டார். லவ்டேல் தாண்டியும் கேட்டார். வெயில் ஏறி, ஊட்டி ஏரிக்கரையில் ஆட்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிற இடத்திலும் கேட்டார்.

"இன்னும் இல்ல, அத்தான். நீங்க பையப் பைய ஓட்டுங்க."