அண்ணனின் தலைப் படம்

சுனாமி வந்த காலையில் அண்ணன் வாவியில் வலை எடுத்துக்கொண்டிருந்தான். நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த வீட்டில் அண்ணன் மனைவி மச்சாளும் அவர்களுடைய ஒரே மகளும். வீடு நின்ற இடத்தில் மணல்தான் மிஞ்சியது. மச்சாளின் உடலை எடுத்தோம். பிள்ளை கிடைக்கவேயில்லை.

அகதி முகாமில் அண்ணன் கசிப்புச் சாராயம் குடிக்கத் தொடங்கினான். என் வீட்டோடு வந்து இருந்தபோதும் விடவில்லை. விடிந்தால் கை நடுங்கும். போத்தலை நான் உடைத்தால் கோபிக்கவும் மாட்டான். எழும்பிப் போய் வேறொன்று வாங்கி வருவான்.

வன்னியில் சண்டை முடிந்ததென்று ரவுன் கடைத்தெருவில் வெடி கொளுத்திய கிழமை, வலிப்பு வந்து விழுந்தான். கண்டிக்குக் கொண்டுபோய்த் தலையை ஸ்கான் எடுத்தோம். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் உறையிலிருந்து படத்தை உருவி, வெயிலுக்கு நேரே பிடித்துக் கனநேரம் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். படத்தை உறைக்குள் போட்டுத் திருப்பித் தந்தான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டினார். மூளை சுருங்கி, ஓரமெல்லாம் கறுப்பாக இருந்தது.

“இது குடியாலதானா?” என்று கேட்டேன்.

“குடியும் இருக்கு, சாப்பாடில்லாததும் இருக்கு. எது எவ்வளவெண்டு சொல்லேலா அக்கா. வெளிநாட்டில குரங்குகளுக்குச் சாராயம் குடுத்துப் பாக்கிறாங்க. குடிக்க முந்தியும் மூளையைப் படம் எடுப்பாங்க, பிறகும் எடுப்பாங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தா விளங்கும். இவருக்கு முந்தின படம் இல்லையே.”

குனிந்திருந்த அண்ணன் நிமிர்ந்தான். “அந்தக் குரங்கெல்லாம் குடிக்குமா?”

“சிலது கண்டபடி குடிக்கும். சிலது தொட்டிட்டு விட்டிரும்.”

“விட்டதுகளுக்குக் குட்டி இருந்திருக்கும்” என்றான்.

டொக்டர் மருந்துத் துண்டை எழுதத் தொடங்கினார். முந்தின அண்ணனை நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். விடிய விடியக் கூத்தாடி ஒரு வரி பிசகாதவன் அவன்.

அதோடு குடி நின்றது. ஊசி போட்டார்கள். நடுக்கம் குறைந்தது, சோறு கேட்டான். தப்பிவிட்டான் என்றே நினைத்தேன். ஒருநாள் பகல், முற்றத்தில் நின்று கேட்டான்:

“தங்கச்சி, மகள் பள்ளிக்கூடத்தால வந்திட்டாளா?”

“அண்ணன், அவள் கடலோட போயிட்டாளே.”

அப்போதுதான் கேள்விப்பட்டவன் போல நிலத்தில் விழுந்து கத்தினான். அடுத்த நாளும் கேட்டான். சொன்னேன். அதே கத்தல்.

“நினைவு நிக்கிற இடம் பழுதாப் போச்சு” என்றார் டொக்டர். “ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்திதான்.”

பிறகு நான் சொல்வதை விட்டேன். “இப்ப வந்திருவாள் அண்ணன்” என்பேன். வேலியடியில் போய் நின்று, சைக்கிளில் போகும் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். பொழுதுபட்டால், எதற்கு நின்றான் என்பதையும் மறந்து சாப்பிட வருவான்.

மாரி மழையில் காய்ச்சல் கண்டு செத்தான். குடித்துச் செத்தான் என்றுதான் ஊரில் கதைத்தார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் ஒன்றும் திருத்திச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.