செல் எப்படிச் சாகும் என்று சொல்கிற வேலை

மருந்து ஆய்வில் சேரும் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ஒப்புதல் படிவத்தைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குகிற வேலையில், பேனா தீர்வதற்கு முன்பே வார்த்தை தீர்ந்துவிடும். கெட்ட விஷயத்தை மெதுவாகச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், உங்களுக்குப் புரியும். நான் இருப்பது தி.நகர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்.

பாதிப் பாடம்

மயிலாப்பூரிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். நோய் அவர் மனைவிக்கு. "சுத்தி வளைக்காம இருக்கறபடியே சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி என்று ஒரு புரதம். உள்ளே இருக்கும்வரை சக்தி தயாரிக்க உதவும். செல் கெட்டுப்போனால் அது வெளியே கசியும். கசிந்தால் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்லில் இன்னொரு புரதம் அந்தக் கசிவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சாகவேண்டிய செல் அதனால்தான் சாவதில்லை. இந்த மாத்திரை அந்த அடைப்பை எடுத்துவிடும்.

மாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று. ஏழெட்டு மாதம் மாத்திரை வேலை செய்தது. பிறகு அந்தச் செல்கள் வேறொரு புரதத்தை வைத்து அடைத்துக்கொண்டன. அதை நான் சொன்ன அன்று சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார். "முப்பது வருஷமா மைட்டோகாண்ட்ரியா செல்லோட பவர் ஹவுஸ்னு மட்டும்தான் சொல்லிக் குடுத்துண்டிருந்தேன். பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கேன்."

அச்சடித்த சொல்

தேவகி கோட்டூர்புரம் குடியிருப்பில் இருப்பவர். நாலு வீட்டில் சமையல் வேலை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படிவத்தில் 'செல் தற்கொலை' என்று அச்சடித்திருந்தது. நானும் அப்படியே படித்தேன். பெண் சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன்..." என்றாள் என்னிடம். "ரெண்டு வருஷம் ஆச்சு."

தேவகிதான் பேசினார். "அந்த வார்த்த வேணாம்மா. உன்னாண்ட வேற வார்த்த எதுனா கீதா?" தேடினேன். உயிரியல் படித்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், "உதிர்ந்துடும்மா. பழுத்த இலை மாதிரி" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். மருந்து அவருக்கு ஒத்துக்கொண்டது. இப்போதும் மாதாமாதம் வருகிறார். படிவத்தில் சொல்லை மாற்றக் கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன், இன்னும் மாறவில்லை. நான் மட்டும் 'உதிரும்' என்றே படிக்கிறேன். அன்று பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது தேவகி சொன்னார்: "உதுர்றது பரவால்லம்மா. அது யாரு மேலயும் கோவிச்சிக்கினு போறதில்ல."

நாலாம் பக்கம்

ஜமீல் பாய்க்கு ராயப்பேட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை. நான் படித்ததில் ஒரு வரி விடாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான். நாலாம் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு: செல்கள் ஒரே சமயத்தில் ஏராளமாகச் செத்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இதயத்தையும் நிறுத்தலாம். "அபூர்வம்தானே?" என்று கேட்டார். அபூர்வம்தான் என்றேன். பொய்யில்லை.

வார்டில் படுக்கவைத்துக் குறைந்த அளவில்தான் ஆரம்பித்தார்கள். இரண்டே நாளில், நோயால் பெருகிக்கிடந்த வெள்ளை அணுக்கள் மளமளவென்று இறங்கின. ரிப்போர்ட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே சிறுநீர் நின்றது. டயாலிசிஸில் போட்டார்கள். நாலாம் நாள் காலையில் போய்விட்டார்.

அவர் மனைவி பர்வீனிடம் டாக்டர் விளக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். டாக்டர் திணறியபோது, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "மருந்து நல்லா வேலை செஞ்சுதும்மா, அந்தக் கெட்ட செல் எல்லாம் ஒரேயடியா..." என்று ஆரம்பித்தேன். பர்வீன் அழவில்லை. துப்பட்டாவைத் தலைமேல் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார். "நல்லா வேல செஞ்சுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அவரு ஏன் போனாரு?"

சாக மறுக்கும் செல்களைச் சாகவைப்பதற்கு, சாக விரும்பாத மனிதர்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் என் வேலை என்பதால், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் "என்ன வேலைம்மா?" என்று கேட்டால் "ஆபீஸ் வேலை" என்று சொல்லிவிடுகிறேன்.