வேண்டாம் என்று சொல்லும் முறை

எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளில் பாயாசத்தை யாரும் கேட்டு வாங்கிக் குடிப்பதில்லை. வாளியோடு வருகிறவரைக் கண்டதும் உள்ளங்கையால் குவளையை மூடி, "ஐயோ வேண்டாம், எனக்குச் சீனி வருத்தம்" என்று சொல்ல வேண்டும். அவர் விடமாட்டார். இரண்டாம் தரம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் அவரே நம்முடைய கையை விலக்கிவிட்டு ஊற்றிவிடுவார். அதற்குப் பிறகு குடிக்காமல் எழும்பினால் வீட்டுக்காரருக்கு மனக்குறை. ஏழு வருடமாக என் நாக்கு உயிரோடு இருப்பது இந்த ஏற்பாட்டில்தான். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து மனைவி முணுமுணுத்தால் என்னிடம் பதில் தயாராக இருக்கும். "பாத்தனீர்தானே, நான் வேண்டாமெண்டுதானே சொன்னனான்."

ஏழு வருடத்துக்கு முன் வயலில் இடது கால் விரலில் பட்ட சின்னக் காயம், நீரிழிவு காரணமாக, மூன்று மாதமாக ஆறவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். நான் அதை அரை மணி நேரத்தில் மறந்தேன், மனைவி மறக்கவில்லை. அன்றைக்கே முள்ளியவளையில் எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து சீனிப் போத்தல் காணாமற்போனது. அவளும் வெறும் தேத்தண்ணிதான் குடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, இனிப்பு தனக்குப் பெரிதாகப் பிடிக்காது என்றாள். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் போன வருடம் எங்களைக் கூப்பிட்டு நாலு இரவு உல்லாசக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனாள். ஏறியதும் இராச்சாப்பாட்டின் சட்டதிட்டங்களை விளக்கினாள். ஆறு மணிக்கு ஒரு கூட்டம் சாப்பிடும், எட்டரைக்கு இன்னொரு கூட்டம். எனக்கு உடனே விளங்கியது, முதல் பந்தி, இரண்டாம் பந்தி. எங்களுக்கு முதல் பந்தி. நாலு நாளும் அதே மேசை, பரிமாறுகிறவரும் அதே ஆள். உணவின் பெயர் எழுதிய அட்டை தருவார்கள், பக்கத்தில் விலை இராது, எல்லாம் டிக்கெட்டோடு சேர்ந்தது. பிடித்தால் ஒன்றையே இரண்டு தரமும் கேட்கலாமாம். அந்த இடத்தை மட்டும் விளங்காத மாதிரி இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.

ஆறு மணி எங்கள் ஊரில் மாடு பட்டிக்குத் திரும்பும் நேரம். அந்த நேரத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் போய் இருந்தோம். பரிமாற வந்தவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், நாற்பது வயது இருக்கும். மடியில் துணியை அவரே விரித்துவிட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. சூப் வந்தது, மீன் வந்தது, கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் பக்கம் பக்கமாக வைத்ததும் சாப்பாட்டுக் கோப்பை போனது. கடைசியாக இனிப்பு அட்டை வந்தது. மாம்பழப் புடிங், சொக்லேட் கேக், ஐஸ்கிரீம் என்று மகள் வாசித்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் முறைப்படி உள்ளங்கையை உயர்த்தி, "நோ, நோ, தாங்ஸ்" என்றேன். அவளும் வேண்டாம் என்றாள். அந்த மனிதர் சிரித்துக்கொண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் தரம் கேட்க வருவார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்து மேசையைத் துடைத்தார். தண்ணீர் ஊற்றினார். மகள் எழும்பச் சொன்னபோதுதான் விளங்கியது, இந்தக் கப்பலில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அடுத்த நாள் பலவீனமாக மறுப்பது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். மறுக்கவும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்பதை முதல் நாளே மனதில் எழுதி வைத்துக்கொள்வதுதான் பரிமாறுகிறவர்களின் கெட்டித்தனமாம். அட்டையே வரவில்லை. எனக்கும் மனைவிக்கும் முன்னால் பப்பாசிப்பழத் துண்டுகளை வைத்துவிட்டுத் தலை குனிந்தார். மகளுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. பப்பாசி என் வளவில் பழுத்து வௌவாலுக்குப் போகிறது.

மூன்றாம் நாள் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு வர வேண்டும். கோட்டுகளுக்கு நடுவில் நான் வேட்டி சால்வையோடு போனேன், மனைவி பட்டுச்சேலை. படம் பிடித்தார்கள். பிறகு பப்பாசி வந்தது. சாப்பிட்டு எழும்பியதும் மனைவி தலையிடி என்று அறைக்குப் போனாள். மகள் பாட்டுக் கச்சேரி பார்க்கப் போனாள். எனக்கு விடுதலை. மேல் மாடியில் நாமே கோப்பை எடுத்துப் போட்டுச் சாப்பிடும் மண்டபம் இருப்பதை முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். அங்கே யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு கேக், ஒரு புடிங், மேலே ஐஸ்கிரீம். சால்வையால் கோப்பையை அரைவாசி மறைத்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் இருந்த மேசைக்கு நடந்தேன். அங்கே ஏற்கனவே ஒரு பட்டுச்சேலை இருந்தது. அதற்கு முன்னால் மூன்று கோப்பைகள்.

அவள் அவசரப்படாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் கண்ணை மூடினாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் எதையும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் கோப்பையோடு தூணருகில் நின்றேன். கண்ணைத் திறந்தவள் முதலில் என் கோப்பையைத்தான் பார்த்தாள்.

"தலையிடியோ?" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வீட்டில நான் தின்னுறதைப் பாத்தா உங்களுக்கும் ஆசை வரும். அதுதான் ஏழு வருசமா நானும் தொடேல்லை. இஞ்ச ஆர் பாக்கப் போகினம் எண்டு வந்தனான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். மழை வரும் போல இருக்கு என்பது மாதிரிச் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தனை கலியாண வீடுகளிலும் நான் மூன்றாம் தரத்துக்காகக் காத்திருந்தபோது, எதிர்ப் பந்தியில் அவளும் குவளையை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அவள் கையை விலக்க ஒருவராலும் முடியவில்லை. நான் அதைப் பார்த்தும் யோசிக்கவில்லை.

என் கோப்பையை அவள் பக்கம் தள்ளினேன். சீனியில்லாத தேத்தண்ணி ஒன்று எடுத்து வந்து பக்கத்தில் இருந்தேன். நாலு கோப்பையையும் முடித்தாள். எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கடைசி நாள் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கத் தனியாகப் போய் அந்தப் பிலிப்பைன்ஸ்காரரைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளங்கப்படுத்தினேன். என் மனைவி வேண்டாம் என்று சொல்லுவா, நம்ப வேண்டாம். திரும்பவும் சொல்லுவா, அப்போதும் நம்ப வேண்டாம். மூன்றாம் தரம் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று மாம்பழப் புடிங் வந்தது. மனைவி உள்ளங்கையை உயர்த்தினாள். அவர் போகவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் மறுத்தாள். மூன்றாம் தரம் அவர் புடிங்கை அவளுக்கு முன்னால் வைத்து, அவளுக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி என்று இரண்டு வைத்தார். கெட்டிக்காரன்.

மனைவி என் பக்கத்துக் கரண்டியை எடுத்து அவரிடமே நீட்டினாள். "சேர், நோ" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை என்னிடமே காட்டுவதற்கு ஆயத்தமாக நின்றார். நான் உள்ளங்கையை உயர்த்தி, வேண்டாம் என்றேன். ஏழு வருடத்தில் அதை உண்மையாகச் சொன்னது அன்றுதான். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நம்பிக்கொண்டு போய்ப் பப்பாசி கொண்டுவந்தார்.