சக்கரம் கழற்றிய கட்டில்

முகம் தெரியாத புண்ணியவான்கள் யாரோ சீமையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய மரப்பெட்டியைத் தர்மமாக அனுப்பியிருந்தார்கள். பஞ்சு, மருந்துப் போத்தல்களோடு, நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிற சக்கரக் கட்டில் ஒன்றும் அதில் இருந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து எங்கே போனாலும் படியும் சறுக்கலும்தான்.

"இத உருட்டிவிட்டா நோயாளி நேரா ஆத்துலதான் போய் விழுவாருங்க" என்றேன். அங்கே மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவே சிரித்துவிட்டார். கட்டில் மூலைக்குப் போனது.

மழைக்காலத்தில் அண்ணிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, லிந்துலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்றார் டிஸ்பென்சர் ஐயா. தோட்டத்துப் பாதையை மண் சரிந்து மூடியிருந்தது. படிகளில் இறங்கி மெயின் ரோட்டுக்குப் போனால்தான் லொறி. வழக்கம்போலக் கம்பளியில் கட்டித் தூக்கினால் உடம்பு மடங்கும், கூடாது என்றார்.

நான் ஓடிப்போய்க் கட்டிலின் சக்கரங்களைக் கழற்றினேன். ஆனால் கட்டித் தூக்க நீள மூங்கில் வேண்டுமே? அது கோயிலில்தான் இருந்தது. திருவிழாவில் அம்மனைச் சுமக்கிற மூங்கில். தீட்டு என்று பூசாரி மாமா விரட்டுவார் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"ஏன்டா முழிக்கிற? அம்மனுக்கு மாசியிலதான் ஊர்வலம். புள்ளத்தாச்சிக்கு இன்னைக்கே! எடுறா!" என்று அவரே வந்து தோள் கொடுத்தார்.

சாமி தூக்கிப் பழகியவர்கள் நாங்கள். இறங்கும்போது முன்னால் போகிற நாங்கள் மூங்கிலைத் தோளில் வைப்போம், பின்னால் வருகிறவர்கள் இடுப்பளவுக்குத் தாழ்த்துவார்கள். கட்டில் சாயவில்லை.

"அரோகரா!" என்றேன்.

"உசுரு போவுது, இவனுக்கு வெளாட்டு! எறங்குனதும் ஒன்னைய வச்சுக்குறேன் தம்பி!" என்று கத்தினார் அண்ணி.

"அதுக்காச்சும் நல்லபடியா வந்துருங்க அண்ணி" என்றேன். மூங்கிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தேன்.

வந்துவிட்டார், கையில் ஒரு பெண்பிள்ளையோடு.

அந்தப் பெட்டியை அனுப்பியவர்களுக்குப் படிக்கட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். ஆனாலும் எங்கள் வீட்டில் இன்று ஒரு பிள்ளை அழுகிறதென்றால் அது அவர்கள் கொடுத்தது. அவர்கள் நன்றாக இருக்கவேண்டும்.

மாசியில் அதே மூங்கிலைக் கழுவி அம்மனைத் தூக்கினோம். பிள்ளையோடு கும்பிட வந்த அண்ணி, என்னைப் பார்த்தபடி சத்தமாக வேண்டிக்கொண்டார்:

"தாயே, கெட்டியா புடிச்சுக்க. முன்னால தூக்குறது என் கொழுந்தன்!"